உங்கள் தங்கை முதலில் எழுதி வைக்கட்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தங்கை ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். அந்த ஊர்க்காரர் ஒருவர் சில மாதங்களாக அவரைக் கண்ட இடத்திலெல்லாம் நிறத்தையும் நாட்டையும் சொல்லி ஏசுகிறார். இப்போது தீவின் ஃபேஸ்புக் குழுவிலும் அவரைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். "இணையத்தில் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கலாம் என்கிறார்களே, கொடுத்தால் வெளியே தெரியாமல் இருக்குமா? விசாவுக்கு ஆபத்து வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நல்ல காரியம் செய்தீர்கள். அந்த ஒரு சொல் இருந்திருந்தால், யாரைப் பற்றிய பேச்சு இது என்பது அங்கே வசிக்கும் அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும். மேற்குத் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலே சுமார் 26,000 பேர்தான். அதில் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? நான் இனிச் சொல்லப்போவது முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றித்தான்.

நான் கிளாஸ்கோவில் பல ஆண்டுகளாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். காவல்துறை, மருத்துவமனை, நீதிமன்றம் மூன்றுக்கும் போவேன். தீவுகளிலிருந்து வரும் வேலை பெரும்பாலும் தொலைபேசியில்தான். செவிலியர்கள், பராமரிப்புப் பணியாளர்கள், உணவகத்தில் சமைப்பவர்கள், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மீன்பிடிப் படகுகளுக்கு வந்தவர்கள் எனப் பலருடைய குரலைக் கேட்டிருக்கிறேன். கீழே நான் சொல்லும் நிகழ்ச்சிகளில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நேரடியான பதில் இது. இணையப் படிவம் இருக்கிறது, உங்கள் தங்கை அதைப் பயன்படுத்தலாம். அவர் புகார் கொடுப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தப் புகார் வழக்காக வளர்ந்தால், ஏசியவருக்கு அது தெரியும்; அவருக்குத் தெரிந்தால் ஊருக்கும் தெரிய வாய்ப்பு அதிகம். குற்றத்துக்கு ஆளானவர் புகார் கொடுத்தார் என்பதற்காக விசா போகாது. இந்த நான்கு வரிகளையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் வெளியே வரவே வராது என்று நம்பிப் புகார் கொடுத்தவர்கள், பிறகு உண்மை தெரிந்ததும் பாதியிலேயே பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அவர்கள் யாரிடமும் போவதில்லை.

இணைய வழி ஏன் தீவுக்காரர்களுக்கு அவ்வளவு முக்கியம் என்பது நகரத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. ஸ்காட்லாந்தில் மக்கள் வசிக்கும் தீவுகள் சுமார் 90 இருக்கின்றன. வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் ஐல், ஃபூலா போன்றவற்றில் சில பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். பல தீவுகளில் காவல் நிலையம் என்று ஒன்று கிடையாது. காவலர் படகில் வந்து இறங்கினால், அவர் யார் வீட்டுப் பக்கம் நடக்கிறார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நிலையம் இருக்கும் ஊரிலும் அது கடைத்தெருவுக்கு அருகில்தான் இருக்கும். உள்ளே போகிறவரைப் பார்க்கிற ஒருவர், ஏசியவரின் அத்தை மகனாக இருக்கலாம். இரவு வேலை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் புகார் எழுத முடிகிறது என்பது அப்படிப்பட்ட இடத்தில் பெரிய விடுதலை.

இந்த வழி தானாகத் திறந்துவிடவில்லை. 1993 ஏப்ரல் 22 அன்று லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்துக்காகக் காத்திருந்தபோது இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறை அந்த வழக்கை எப்படிக் கெடுத்தது என்பதை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999 பிப்ரவரியில் வந்தது. அதன் 70 பரிந்துரைகளில் ஒன்று, இனவெறிச் சம்பவங்களைக் காவல் நிலையத்துக்கு வெளியிலும், நாளின் 24 மணி நேரமும் புகார் செய்ய வழி வேண்டும் என்பது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ அதை இனவெறிச் செயலாக உணர்ந்தால் அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் அந்த அறிக்கையிலிருந்துதான் வேரூன்றியது. எனவே உங்கள் தங்கை, "இது இனவெறிதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாதே" என்று தயங்க வேண்டியதில்லை. அவர் அப்படி உணர்ந்தால் பதிவு செய்யப் போதும். நிரூபிப்பது அடுத்த கட்டம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 2021இல் நிறைவேறிய வெறுப்புக் குற்றச் சட்டம் 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இனம், மதம், உடல் குறைபாடு, வயது, பாலின ஈர்ப்பு, திருநர் அடையாளம், பாலுறுப்பு வேறுபாடு ஆகியவற்றை அது பாதுகாக்கிறது. இனம் என்பதில் நிறம், குடியுரிமை, பூர்வீகம் எல்லாம் அடங்கும். 'உன் நாட்டுக்கே போ' என்பதும் இதற்குள் வரக்கூடும். இனத்தைச் சொல்லித் தொல்லை கொடுப்பது தனிக் குற்றமாகவே இருக்கிறது. தொடர் தொல்லை என்று சொல்ல, குறைந்தது இரண்டு முறையாவது நடந்திருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு மாதக் கணக்கில் நடக்கிறது. அதனால்தான் நாள், நேரம், சொல் மூன்றையும் எழுதி வைப்பது அவ்வளவு அவசியம்.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களின் புகார் வலுவிழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஒருமுறை ஒரு தீவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் இருந்தார். மறுமுனையில் காவலர், நடுவில் நான். "என்னை அசிங்கமாகத் திட்டினார்" என்றார் அந்தப் பெண். காவலர், "என்ன சொன்னார் என்று அப்படியே சொல்லச் சொல்லுங்கள்" என்றார். நான் கேட்டேன். நீண்ட நேரம் சத்தமே இல்லை. "அதை என் வாயால் எப்படிச் சொல்வது?" என்றார். அவர் வளர்ந்த விதம் அப்படி. என் அம்மாவும் சொல்லியிருக்க மாட்டார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த ஆங்கிலச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நானும் ஒவ்வொரு எழுத்தாகக் காவலருக்குச் சொன்னேன். மூன்றாவது எழுத்து வந்ததும் காவலர், "போதும், புரிந்துவிட்டது" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் நிறுத்தவில்லை. கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தார்.

அந்த எழுத்துகள்தான் அந்த வழக்கின் உயிர். ஒருவர் சத்தம் போட்டு மிரட்டினார் என்பது சாதாரணக் குற்றம். இனத்தைச் சொல்லி மிரட்டினார் என்றால்தான் அது வெறுப்பால் கனத்த குற்றமாகிறது. 'கெட்ட வார்த்தை', 'தகாத முறையில்' என்று நாகரிகமாக எழுதினால், படிப்பவருக்கு எந்த இடத்தில் இனவெறி வந்தது என்றே தெரியாது. படிவத்தில் அந்தச் சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்கள். படிவத்தைப் படிக்கிறவர் அதைவிட மோசமானதை எல்லாம் படித்திருப்பார். அது உங்கள் தங்கையின் சொல் அல்லவே, ஏசியவனுடைய சொல். அங்கே ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். புரியாத மொழியில் ஏதாவது சொன்னால், காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் குறித்து வைக்கட்டும். பொருள் கண்டுபிடிப்பது பிறகு நடக்கும்.

கைப்பேசிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பத்தி போதும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார்கள், அதற்குப் பிறகு யாரிடம் சொன்னார். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு குற்றத்தை நிரூபிக்க ஒரே ஆளின் வார்த்தை போதாது. தனித்த இன்னொரு ஆதாரமும் வேண்டும். இங்கிலாந்தில் இப்படி இல்லை. தனியாக இருட்டில் நடந்துபோகும்போது ஏசப்பட்டவருக்கு இது பெரிய தடையாகத் தெரியும். ஆனால் சம்பவம் நடந்த கையோடு அழுதுகொண்டே சக பணியாளரிடம் சொன்னால், அவர் அந்த நிலையை நேரில் பார்த்ததும் ஆதாரத்துக்குக் கைகொடுக்கலாம். உயர்நீதிமன்றத்தின் அண்மைக்காலத் தீர்ப்புகள் இதை முன்பைவிட வலுவாக ஏற்கின்றன. உங்களுக்கு அவர் அன்றிரவே அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள். இன்னொன்று: குற்றம் நடந்தது என்பதற்குத்தான் இரண்டு ஆதாரம் வேண்டும். அது இனவெறியோடு நடந்தது என்பதற்கு ஒரே ஆதாரம் போதும் என்று சட்டமே சொல்கிறது.

ஃபேஸ்புக் குழுவுக்கு வருகிறேன். தீவுகளில் அந்தக் குழு ஊர்ச் சாவடி மாதிரி. படகு ரத்தான செய்தி, காணாமல் போன நாய், விற்பனைக்கு இருக்கும் கட்டில், இறப்பு அறிவிப்பு எல்லாம் அங்கேதான். அதனால் அங்கே ஒருவரைப் பற்றி எழுதுவது, ஊர் நடுவே நிற்க வைத்து ஏசுவதற்குச் சமம். வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் தங்கையோ நீங்களோ அங்கே பதில் எழுத வேண்டாம். குழு நிர்வாகியிடம் அழிக்கச் சொல்வதற்கு முன்னால், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எழுதியவரின் பெயர், தேதி, குழுவின் பெயர், கீழே வந்த பின்னூட்டங்கள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுதியவரின் பக்கத்துக்குப் போகும் இணைப்பையும், பதிவின் இணைப்பையும் நகல் எடுத்து வையுங்கள். பெயரை மாற்றிக்கொள்வது எளிது. திரையை மேலிருந்து கீழ்வரை நகர்த்தி வீடியோவாகவும் பதிவு செய்துகொள்ளலாம். படத்தை வெட்டவோ வட்டம் போடவோ வேண்டாம், மூலம் மூலமாகவே இருக்கட்டும். குழு எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால், நீங்களும் உங்கள் கைப்பேசியில் தனியாக ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

தெருவில் நடந்தவற்றுக்குக் கேமரா இருக்கக்கூடும். பேருந்தில், கடையில், சில வீட்டு அழைப்புமணிகளில்கூட இருக்கிறது. அவை சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். படிவத்தில் 'இந்தக் கடை வாசலில் கேமரா இருக்கிறது, தயவுசெய்து பதிவைப் பாதுகாக்கச் சொல்லுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால், அது பல பக்க விளக்கத்தைவிடப் பயன்படும். வேலை செய்யும் இடத்தில் மட்டும் கைப்பேசியால் பதிவு செய்ய வேண்டாம். அங்கே இருக்கும் முதியவர்கள் படத்திலோ ஒலியிலோ வந்துவிட்டால் அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும். மறதி நோய் உள்ள முதியவர் ஒருவர் ஏசுவதும் இதில் சேராது. அதுவும் புண்படுத்தும்தான், ஆனால் அதை மேலாளரிடம் எழுத்தில் சொல்லித் தீர்க்க வேண்டும்.

இனிப் படிவம். ஸ்காட்லாந்துக் காவல்துறையின் இணையதளத்தில் வெறுப்புக் குற்றத்துக்கெனத் தனிப் படிவம் இருக்கிறது. தனக்காகவும் கொடுக்கலாம், இன்னொருவருக்காகவும் கொடுக்கலாம். பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். உடனடி ஆபத்து என்றால் படிவத்தைத் தேட வேண்டாம், 999. அவசரமில்லாமல் பேச வேண்டுமென்றால் 101. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்க்கிறேன், என் தொழிலைப் பற்றியது என்பதால் தயக்கமில்லாமல் சொல்கிறேன். இங்கே தமிழர் வட்டமும் ஒரு சிறு தீவுதான். மொழிபெயர்ப்பாளர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனாலும் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், வேறு ஊரில் இருப்பவரைத் தொலைபேசியில் தருமாறு கேட்கலாம். அது யாரையும் அவமதிப்பதாகாது.

பெயர் சொல்லாமல் கொடுப்பதா, சொல்லிக் கொடுப்பதா? சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் வாரத்தில் காவல்துறைக்கு இணையத்தில் 7,152 புகார்கள் வந்தன. மிகப் பெரும்பாலானவை பெயரில்லாதவை. அவற்றில் வெறுப்புக் குற்றமாகப் பதிவானவை 240. அந்த வாரத்தில் அரசியல் சண்டைக்காகக் கொட்டப்பட்ட புகார்களே அதிகம் என்பதை மறக்கக் கூடாது. எனவே இந்த எண்களை வைத்து உங்கள் தங்கையின் புகாரை எடைபோட வேண்டாம். ஆனால் ஒன்று தெளிவாகிறது: யாரென்று தெரியாத ஒருவரிடம் வாக்குமூலம் வாங்க முடியாது, சாட்சியாக அழைக்க முடியாது, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று திரும்பச் சொல்லவும் முடியாது. பெயரில்லாத புகார் ஊரில் என்ன நடக்கிறது என்பதைக் காவல்துறைக்குக் காட்டும். இதே ஆளைப் பற்றி முன்பே வந்த புகார்களோடு சேர்த்துப் பார்க்க உதவும். அதற்கு மேல் போகாது.

மேலும், உங்கள் தங்கை விஷயத்தில் பெயரை விட்டுவிடுவதால் என்ன மறையும்? 'முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் இந்தியப் பெண்ணை, இந்தத் தெருவில், இந்தத் தேதியில்' என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். தெரியாதபடி எழுதினால் விசாரிக்க எதுவும் மிஞ்சாது. பெருநகரத்துக்காக உருவாக்கப்பட்ட ரகசியம் ஐம்பது வீடுகள் உள்ள ஊரில் செல்லுபடியாவதில்லை. ஆகவே என் யோசனை: பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும், எப்படித் தொடர்புகொள்ள வேண்டும் என்பதில் கறாராக இருக்கட்டும். 'வீட்டுக்கு வர வேண்டாம். வேலை இடத்துக்கு அழைக்க வேண்டாம். காலை 10 மணிக்குப் பிறகு என் கைப்பேசிக்கு மட்டும் அழையுங்கள். நேரில் பார்க்க வேண்டுமானால் வேறு ஊரில், சீருடை இல்லாமல்' என்று படிவத்திலேயே எழுதலாம். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்வார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் எழுதாவிட்டால், நல்லெண்ணத்தோடு ஒரு காவலர் நேராகப் பராமரிப்பு இல்லத்தின் வாசலில் வந்து நிற்கக்கூடும். அப்படி நடந்த ஒரு பெண், "அவர் வந்து உதவி செய்ததைவிட, வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். காவலர் மன்னிப்புக் கேட்டார்.

அதே காரணத்தால், நீங்கள் ஊரில் இருந்துகொண்டு தங்கைக்குத் தெரியாமல் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் படிவம் போன பிறகு தொலைபேசி ஒலிப்பது அவருடைய அறையில். அவர் சம்மதித்தால், நீங்கள் உட்கார்ந்து அவருக்காக எழுதிக் கொடுப்பது பேருதவி.

கருவிகள் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். வேலை இடத்துக் கணினி, அங்கே உள்ள வைஃபை, முதலாளி கொடுத்த கைப்பேசி எதையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். முதலாளியே தங்குமிடமும் கொடுத்திருந்தால், அந்த வீட்டு வைஃபையை விட்டுவிட்டுச் சொந்த சிம் கார்டைப் பயன்படுத்தட்டும். படிவத்தில் நேரடியாக எழுதத் தொடங்க வேண்டாம். தீவில் இணைப்பு நடுவில் அறுந்துவிடும், எழுதியதெல்லாம் போய்விடும். குறிப்பேட்டில் எழுதி முடித்து, பிறகு நகல் எடுத்து ஒட்டட்டும். இணைப்பு அறுவது என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 20 அன்று கடலடிக் கம்பி சேதமாகி, ஷெட்லாந்தில் தொலைபேசியும் இணையமும் பெருமளவு செயலிழந்தன. காவல்துறை அதைப் பெரும் அவசர நிலையாக அறிவித்தது. 999 கிடைக்காதவர்கள் மருத்துவமனைக்கோ, காவல் நிலையத்துக்கோ, தீயணைப்பு நிலையத்துக்கோ நேரில் போகுமாறும், அவசர ஊர்திகளைக் கைகாட்டி நிறுத்துமாறும் சொல்ல வேண்டியிருந்தது. எனவே உங்கள் தங்கைக்கு நடந்து போகிற தூரத்தில் நம்பகமான ஒரு வீடாவது இருக்க வேண்டும். இன்னொன்றும் செய்யலாம்: 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, ஆனால் முன்பதிவு வேண்டும். 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதில்படி செய்தால் போதும். பேச முடியாத நேரத்தில், அல்லது பலவீனமான சிக்னலில், அது கைகொடுக்கும்.

காவல்துறையை நேரடியாக அணுக வேண்டாம் என்று தோன்றினால் இடைநிலை மையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்றவர்கள் உங்கள் தங்கை சொல்வதைக் கேட்டு அவர் சார்பில் புகார் அனுப்புவார்கள். 2024இல் இந்த மையங்களின் பட்டியலில் ஒரு காளான் பண்ணை இருப்பதைப் பார்த்துப் பத்திரிகைகள் சிரித்தன. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில்தானே காது கொடுக்க ஆள் இருக்க வேண்டும்? ஆனால் தீவில் உள்ள மையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் அயலவராகவே இருக்கலாம். அது சங்கடமாக இருந்தால், கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற நகரத்தில் உள்ள ஒரு அமைப்பைத் தொலைபேசியில் அழைத்து, வெளியூர்க்காரருக்கும் உதவுவார்களா என்று கேட்கட்டும். கிரைம்ஸ்டாப்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்கு 0800 555 111 என்ற எண்ணில் பெயர் சொல்லாமல் தகவல் தரலாம். அது தகவலுக்கான வழி மட்டும். அதன் மூலம் அவருக்கு நேரடி உதவி வராது.

விசா பற்றிக் கேட்டீர்கள். குற்றத்துக்கு ஆளாகிப் புகார் கொடுப்பது விசாவைப் பாதிக்காது. உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது: விசா முதலாளியின் ஆதரவில் தொங்குகிறது. முதலாளி ஆதரவை விலக்கினால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். 'பிரச்சினை பிடித்தவள்' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. படகுகளில் வேலை செய்யும் மீனவர்களின் நிலை இன்னும் மோசம். பலர் கப்பலில் ஏறுவதற்கான இடைவழி விசாவில் வந்தவர்கள். கரையில் காவலர் வந்தாலே தங்களைத்தான் பிடிக்க வந்திருக்கிறார் என்று ஒளிந்துகொள்வார்கள். ஒருவர் என்னிடம் படுக்கைப் பலகையில் போர்வைக்குள் இருந்து கிசுகிசுத்துப் பேசினார், பின்னால் எந்திரச் சத்தம். உங்கள் தங்கையின் நிலை அதைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் மேலாளரிடம் எதுவும் சொல்லும் முன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவச ஆலோசனை கேட்கட்டும். மேலாளரிடம் சொல்வதை மின்னஞ்சலில் சொல்லட்டும். பணியாளர் பாதுகாப்பு முதலாளியின் கடமை. சொன்னதற்கு ஆதாரம் இருந்தால்தான் பிறகு அதைக் கேட்க முடியும். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு குறுகியது என்பதையும் ஆலோசகரிடம் நினைவூட்டட்டும்.

புகார் போன பிறகு ஒரு குறிப்பு எண் கேட்டு வாங்க வேண்டும். நம் ஊரில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை விடாமல் கேட்டு வாங்குவோமே, அதே பிடிவாதம் இங்கேயும் வேண்டும். அடுத்த சம்பவம் நடந்தால் புதுக் கதையாகத் தொடங்காமல், அந்த எண்ணைச் சொல்லித் தொடரலாம். காவல்துறை ஆதாரத்தைச் சேர்த்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்பும். வழக்குப் போடுவதா என்று முடிவு செய்வது அவர்தான். மேற்குத் தீவுகளில், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே, வடக்கு யூயிஸ்ட்டின் லோக்மேடி இரண்டு ஊர்களிலும் ஷெரிஃப் நீதிமன்றம் இருக்கிறது. வழக்கு அங்கே வந்தால், உள்ளூர்க்காரர்கள் எதிரில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். திரை மறைவிலோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்ல ஏற்பாடு கேட்கலாம். பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கு அந்த வசதி உண்டு. முன்கூட்டியே கேட்க வேண்டும். ஏசியவர் பிணையில் வந்தால், உங்கள் தங்கையை அணுகக் கூடாது என்று நிபந்தனை போடக்கூடும். ஒரே கடை, ஒரே பேருந்து, ஒரே படகுத்துறை இருக்கும் ஊரில் அது எப்படி நடக்கும் என்று காவலரிடம் கேளுங்கள். எந்தெந்த நேரத்தில் உங்கள் தங்கை கடைக்குப் போவார், எந்தப் பேருந்தில் வேலைக்குப் போவார் என்று முன்பே எழுதிக் கொடுத்தால், நிபந்தனையை அதற்கேற்ப வகுக்க வாய்ப்புண்டு.

அந்தத் தீவு முழுவதும் அவருக்கு எதிரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் படகே 2009இல்தான், அதுவும் எதிர்ப்புக்கு நடுவே, தொடங்கிய, ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை கொண்ட ஊர் ஸ்டோர்னோவே. அங்கே 2018இல் மேற்குத் தீவுகளின் முதல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. எதிர்த்த குரல் இருந்தது. வரவேற்றவர்கள் அதைவிட மிக அதிகம். உங்கள் தங்கையின் சம்பவங்களிலும், பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர் ஒருவராவது இருப்பார். பேருந்து ஓட்டுநராக இருக்கலாம், கடையில் பணம் வாங்குபவராக இருக்கலாம். அவருடைய பெயர்தான் அந்த இரண்டாவது ஆதாரம்.

இன்றிரவு அவர் அழைக்கும்போது, புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். முதல் சம்பவம் எந்த நாளில் நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அன்று அவர் பகல் வேலையா, இரவு வேலையா? பணி அட்டவணையைப் பார்த்தால் தேதி கிடைத்துவிடும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். சொல்ல முடியாத சொல் வந்தால், எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள்.